பின்சீட்டில் உட்கார்ந்தவன்

1

புரட்டாசி முடிவதற்குள் இங்கே முதல் பனி விழுந்துவிட்டது. நான் இருப்பது கனடாவில் எட்மன்டன் என்ற ஊரில். பனி விழுந்தால் மோட்டார் சைக்கிளுக்கு ஆறு மாதம் ஓய்வு. பாட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் வைக்க வேண்டும். டாங்க்கில் பெட்ரோலை விளிம்பு வரை நிரப்ப வேண்டும். இன்சூரன்ஸ் அலுவலகத்துக்கு போன் போட்டு, வண்டி இனி ரோட்டுக்கு வராது என்று சொல்ல வேண்டும். முதல் வருடம் அங்கிருந்த பெண் காரணம் கேட்டபோது, "வண்டி தூங்கப் போகிறது" என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். அவள் அதை அப்படியே டைப் செய்துவிட்டாள். இன்றைக்கும் என் பாலிசியில் அந்த வரி இருக்கிறது. ஒவ்வொரு வருடமும் புதிதாக வருகிற ஒருவர் அதைப் படித்துவிட்டு என்னிடம் விளக்கம் கேட்கிறார்.

ஊரிலிருந்து இதைப் படிக்கிறவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். கீரனூர் பக்கம் வண்டிக்கு ஏது ஓய்வு? ஐப்பசி கார்த்திகையில் கண்மாய் உடைத்துக்கொண்டால் இரண்டு நாள் நிறுத்துவோம், அவ்வளவுதான்.

இங்கே எங்களுக்கு ஒரு பைக் கிளப் இருக்கிறது. முப்பது பேர், பாதிப் பேர் ஓய்வு பெற்றவர்கள். வண்டி ஓட்ட முடியாத ஆறு மாதமும் அவர்கள் படிக்கிறார்கள். ஒருவர் தன் வண்டியின் சர்வீஸ் மேனுவலை, நம் ஊர்ப் பெரியவர்கள் பாராயணம் பண்ணுகிற மாதிரி, தினமும் காலையில் நான்கு பக்கம் படிக்கிறார். இன்னொருவர், எப்போதோ விற்றுவிட்ட வண்டியின் ஸ்பேர் பார்ட்ஸ் பட்டியலைப் படிக்கிறார். எதற்கு என்று கேட்டேன். பெயர்களைப் பார்த்தாலே போதும் என்றார். ரோட்டு மேப்பை மடியில் விரித்து விரலால் ஊர் ஊராகப் போகிறவர்களும் உண்டு.

கிளப்பின் குளிர்காலப் பத்திரிகையை நடத்துவது டோரத்தி. எழுபது வயது தாண்டியவர், நூலகத்தில் வேலை பார்த்தவர், இன்னும் சைடுகார் வண்டி ஓட்டுகிறார். பனிக்காலத்தில் என்ன படிக்கிறீர்கள் என்று வருடா வருடம் எல்லோரிடமும் கேட்டு எழுதி வாங்கிப் போடுவார். நான் சேர்ந்த முதல் வருடம் என்னிடமும் கேட்டார்.

நான் படிப்பது ஒரே ஒரு நோட்டு. இருநூறு பக்கம், பிரவுன் அட்டை போட்டது. அது என்னுடையது இல்லை.

2

நோட்டு ஆவூர் அருள்சாமியுடையது. நாங்கள் இருவரும் திருச்சியில் ஒரே கல்லூரியில் படித்தோம், கீரனூரில் ஒரே பஸ்ஸில் தொங்கினோம். வேலைக்குப் போன பிறகு, ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவரிடமிருந்து பழைய புல்லட் ஒன்றைச் சேர்ந்து வாங்கினோம். அருள் வீட்டில் ஃபாதர் வந்து தீர்த்தம் தெளித்து வண்டியை மந்திரித்தார். எங்கள் வீட்டில் ஆயுத பூஜைக்குச் சந்தனம் வைத்துச் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தோம். இரண்டு பக்கத்துப் பாதுகாப்பும் அந்த வண்டிக்கு இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அருள் கீரனூருக்கு வருவான். நான் பின்சீட்டில் ஏறுவேன். எனக்கும் ஓட்டத் தெரியும். ஆனால் எதிரே லாரி வந்தால் வண்டியை ஓரங்கட்டி நின்றுவிடுவேன். அதனால் வண்டி முழுவதையும் அவன் ஓட்டினான், குறை முழுவதையும் நான் சொன்னேன்.

மழை பெய்து வண்டி எடுக்க முடியாத நாட்களில் அவன் போன வழிகளை எழுதினான். மொத்தம் பதினோரு பயணம். எந்த ரோட்டில் எங்கே பள்ளம், பஞ்சர் கடை எங்கே இருக்கிறது, எந்தப் புளியமரத்தடியில் நிழல், எந்த டீக்கடையில் பால் நல்ல பால் என்று எல்லாம் இருக்கும். நடுவே கணேசனை, அதாவது என்னை, வைத்து இப்படி ஒரு வரி வரும்: "கொடும்பாளூர். மூவர் கோயிலில் இப்போது நிற்பது இரண்டு. மூன்றாவதன் அடித்தளம் மட்டும் இருக்கிறது. கணேசன் நிழல் இல்லை என்றான். ஆயிரம் வருடத்துக்கு முன்னால் வந்திருந்தால் இருந்திருக்கும் என்றேன்."

அல்லது இப்படி: "ஆவுடையார்கோவில். இங்கே சாமிக்குச் சோற்றின் ஆவியைத்தான் படைக்கிறார்கள். சாமிக்கு அது போதும். எங்களுக்குப் போதவில்லை. ஹோட்டல் கடைத்தெருவில் இடது பக்கம்."

ஒரு வருடம் ஆயுத பூஜைக்கு வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியபோது, நோட்டையும் என் அம்மாவிடம் கொடுத்தான். "வண்டியை மட்டும் கும்பிட்டா போதுமாம்மா? இதையும் வைங்க" என்றான். சரஸ்வதி படத்துக்கு முன்னால், என் அப்பாவின் பத்திரக் கட்டுக்கும் அரிவாளுக்கும் பக்கத்தில், அந்த நோட்டு சந்தனப் பொட்டோடு இருந்தது. பூஜையில் வைத்த புத்தகத்தை அன்று முழுக்கத் தொடக் கூடாது. மறுநாள் விஜயதசமியில் எடுத்து, ஒரு வரியாவது படித்துவிட்டு, உரியவரிடம் கொடுக்க வேண்டும்.

அந்த விஜயதசமி அன்றுதான் எனக்குக் கனடாவுக்கு விமானம். காலையில் நோட்டை எடுத்து ஒரு வரி படித்தேன். பிறகு என் கைப்பையில் வைத்துக்கொண்டேன். வழியில் படித்துவிட்டுத் தபாலில் அனுப்பலாம் என்று நினைத்தேன். திருச்சி விமான நிலையத்தில் என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தவன் அருள்தான். அவனிடம் சொல்லவில்லை. ஒரு மாதம் கழித்து போனில் கேட்டான். பத்திரமாக இருக்கிறது, அனுப்புகிறேன் என்றேன். அப்புறம் இரண்டு தடவை கேட்டான். பிறகு கேட்பதை விட்டுவிட்டான். இருபது வருடம் ஓடிவிட்டது.

3

டோரத்தி கேட்டபோது, ஊர் நோட்டு ஒன்று படிக்கிறேன் என்றேன். ஒரு பக்கத்தை மொழிபெயர்த்துத் தரச் சொன்னார். கொடும்பாளூர்ப் பயணத்தைத் தந்தேன். அதில் அருள் "நான் ஓட்டினேன்" என்று எழுதியிருந்தான். நானும் "நான் ஓட்டினேன்" என்றே எழுதினேன், என் பெயர் வருகிற வரிகளை விட்டுவிட்டேன். பத்திரிகையில் என் பெயர் போட்டு வந்தது. அடுத்த கூட்டத்தில் திருத்திச் சொல்லிவிடலாம் என்றுதான் போனேன். வாசலிலேயே மூன்று பேர் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். ஆறு வருடமாக இந்த ஊரில் என் பெயரைக்கூட யாரும் சரியாகச் சொன்னதில்லை. அன்று சொன்னார்கள். திருத்தாமலேயே வீட்டுக்கு வந்தேன்.

அடுத்த குளிர்காலத்தில் சிக்கல் வந்தது. வண்டியை நான் ஓட்டினால், பின்சீட்டில் யார்? குறை சொன்னவன் யார்? கொஞ்சம்கூடக் கூசாமல் இரண்டு பெயரையும் மாற்றிப் போட்டேன். அருள் பின்சீட்டுக்குப் போனான். என் மனைவி செல்வி இலுப்பூர்க்காரி, தமிழ் நோட்டையும் ஆங்கிலப் பத்திரிகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தவள். "ஊரான் வீட்டு நெய்யே என் பொண்டாட்டி கையேன்னு அள்ளி ஊத்துறீங்களே" என்று கேட்டாள். கதைதானே என்றேன். அதற்குப் பிறகு அவள் அந்தப் பத்திரிகையைத் தொடுவதில்லை.

ஒன்பதாவது பயணம்தான் மோசம். ஆவுடையார்கோவில் போய்விட்டுத் திரும்புகிறோம். கார்த்திகை மாதம். வெள்ளாற்றுத் தரைப்பாலத்துக்கு மேலே தண்ணீர் முழங்கால் அளவு ஓடுகிறது. சுற்றிப் போனால் நாற்பது கிலோமீட்டர். அருள் வண்டியை உருட்டிக்கொண்டே கடந்துவிடலாம் என்றான். நான் இறங்கினேன். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தேன், மெயின் ரோட்டில் பஸ் ஏறினேன், வீட்டுக்குப் போய்ச் சூடாகச் சாப்பிட்டேன். அவன் தனியாக வண்டியோடு தண்ணீரில் இறங்கினான். நடுவில் இன்ஜினுக்குள் தண்ணீர் போய் நின்றுவிட்டது. வயல் வேலையிலிருந்து வந்த இரண்டு பேர் கயிறு கட்டி இழுத்துக் கரை சேர்த்தார்கள்.

ஆங்கிலத்தில் தண்ணீரில் இறங்கியது நான். பஸ் ஏறியது அருள். நோட்டில் அந்த இடத்தில் இருந்த சில வரிகளை மட்டும் மொழிபெயர்க்காமல் விட்டுவிட்டேன். பத்திரிகைப் பக்கத்தில் இடம் போதவில்லை என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன்.

கிளப்பில் அந்தக் கட்டுரைக்குத்தான் அதிகச் சிரிப்பு. அடுத்த கோடையில் ரோட்டில் தேங்கிய தண்ணீரைப் பார்த்து ஒருவர் தயங்கினால், பின்னால் வந்தவர் "அருள் மாதிரி பஸ் ஏறிவிடாதே" என்று கத்துவார். கனடாவில் ஒரு முப்பது பேருக்கு, ஆவூர் அருள்சாமி என்றால் பயந்தாங்கொள்ளி. இதைச் செய்தது நான்.

என் மகள் மது இந்தக் கட்டுரைகளைப் படித்துத்தான் வளர்ந்தாள். பத்து வயதில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பை நிறுத்திவிட்டாள். பதிமூன்று வயதில் எங்களோடு கோவிலுக்கு வருவதை நிறுத்தினாள். என்னிடம் அவளுக்கு மிச்சமிருந்த ஒரே ஆர்வம் அந்தப் பதினோரு பயணம்தான். இப்போது பதினேழு. போன கோடையில் வண்டி பழகினாள். வளைவில் மெதுவாகப் போகச் சொன்னபோது ஹெல்மெட்டைத் திருப்பிப் பார்த்து, தான் ஒன்றும் அருள் இல்லை என்றாள்.

4

இந்த வருடம் டோரத்தி எல்லாப் பயணங்களையும் சேர்த்து ஒரு சிறு புத்தகமாகப் போடுகிறார். கிளப்பில் எல்லோருக்கும் குளிர்காலத்தில் படிக்க அதுதான் பிடித்தமானதாம், வாக்கெடுத்திருக்கிறார்கள். அட்டைக்குப் படம் வரைவது மது. எனக்கு ஒரு படிவம் வந்தது. இரண்டாவது கேள்வி: இதன் ஒரே ஆசிரியர் நீங்கள்தானா? ஆம் என்று ஒரு கட்டம், இல்லை என்று ஒரு கட்டம். இல்லை என்றால் யார் என்று எழுதக் கீழே ஒரு கோடு.

இந்த நாட்டில் எத்தனையோ படிவங்களுக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். குடியுரிமைப் படிவத்தில்கூட இவ்வளவு நேரம் உட்கார்ந்ததில்லை. ஐந்து நாள் ஃபிரிட்ஜ் கதவில் காந்தத்தின் கீழ் அது தொங்கியது. ஆறாவது நாள் ஆயுத பூஜை வந்தது.

கராஜில் வண்டிக்குச் சந்தனம் வைத்தோம். பொரி, கடலை, எலுமிச்சம்பழம் எல்லாம் இங்கே கிடைக்கிறது. பூசணிக்காய்க்கும் பஞ்சமில்லை. அவர்களுடைய பேய்த் திருவிழாவுக்காகத் தெருவில் ஒவ்வொரு வாசலிலும் மஞ்சள் பூசணி உட்கார்ந்திருக்கிறது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவன் வீட்டு வாசலிலும் ஒன்று இருந்தது. சீட்டின் மேல் வழக்கம்போல அருளின் நோட்டை வைத்தேன். அதன் மேல் படிவத்தையும், அதன் மேல் பேனாவையும் வைத்தேன். பூஜையில் வைத்த பேனாவை நாளை வரைக்கும் தொடக் கூடாது இல்லையா? செல்வி பார்த்துக்கொண்டே நின்றாள்.

"சரஸ்வதி ஒரு நாள்தாங்க தவணை தருவா" என்றாள்.

5

கற்பூரம் காட்டி முடித்த கையோடு மது கராஜுக்குள் வந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணி, ஊரில் இரவு ஏழரை. கையில் போன். புத்தகத்தின் முன்னுரைக்கு அருளிடம் இரண்டு வார்த்தை கேட்டு வாங்கச் சொல்லி டோரத்தி அவளிடம் பொறுப்பு கொடுத்திருக்கிறார். அம்மாவின் போனிலிருந்து எண் எடுத்து, எனக்குத் தெரியாமல் அவனிடம் நேரம் மட்டும் கேட்டு வைத்திருக்கிறாள். அப்பாவுக்கு ஆச்சரியம் கொடுக்க வேண்டுமாம்.

திரையில் அருள். தலை முழுக்க நரைத்திருந்தது. ஆவூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஹெட்மாஸ்டர், அடுத்த வருடத்துக்கு அடுத்த வருடம் ரிட்டயர்மென்ட். பின்னால் கொட்டகையில் புல்லட் நின்றது. இன்னும் ஓட்டுகிறானாம். எங்கள் வண்டியைப் பார்த்ததும் சிரித்தான். பூஜை பலமா என்று கேட்டான். நான் தலையாட்டினேன். போனை மது பிடித்திருந்ததால் என் கைக்கு வேலை இல்லை, கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

மது தமிழில் கேள்விகளை ஆங்கில எழுத்தில் எழுதி வைத்திருந்தாள். முதலில் அவனுக்குப் பிடித்த பயணம் எது என்று கேட்டாள். கொடும்பாளூர் என்றான். புத்தகம் வருகிறது என்று சொன்னாள். எந்தப் புத்தகம் என்று அவன் கேட்கவில்லை. அவளுக்கு அது தெரிந்த விஷயம் என்பதால் அருளுக்கும் தெரிந்திருக்கும் என்று நினைத்து, அவள் பாட்டுக்கு அடுத்த கேள்விக்குப் போனாள்.

"அங்கிள், அப்பா எழுதுனதுல ரிவர் ஸ்டோரி எல்லாருக்கும் பிடிக்கும். அப்பா தண்ணீல போனாரு. நீங்க ஏன் பயந்து பஸ்ல போனீங்க?"

திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்த முடியாது என்பார்கள். அந்தக் கராஜில் அது எனக்கு நடந்தது. அருள் போனைக் கொஞ்சம் கிட்டத்தில் கொண்டுவந்தான். மதுவைப் பார்க்கவில்லை, அவள் தோளுக்குப் பின்னால் நின்ற என்னைப் பார்த்தான். ஒரு வகுப்பை முப்பது வருடம் பார்த்த கண். யார் காப்பி அடித்தான் என்று கண்டுபிடிக்க அதற்கு அதிக நேரம் ஆகாது.

"ஆமா ஆத்தா" என்றான் மதுவிடம். "நான்தான் பயந்துட்டேன். தண்ணி அப்புடிப் போச்சு. ஒங்கப்பன் தைரியசாலி."

மது சிரித்தாள். அவனும் சிரித்தான். என்னால் முடியவில்லை. பிறகு அவன் என்னைக் கூப்பிட்டான்.

"கணேசா, ஒம் மக நல்லாத் தமிழ் பேசுது. நோட்டு இருக்கா?"

இருக்கிறது என்றேன்.

"பத்தரமா வச்சுக்க. ஒண்ணும் அவசரமில்ல" என்றான். சாப்பிடக் கூப்பிடுகிறார்கள் என்று போனை வைத்துவிட்டான்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இருபது வருடம் கழித்தும் அந்தத் தரைப்பாலத்தில் அவன்தான் வண்டியை உருட்டினான், நான் இறங்கி பஸ் ஏறிவிட்டேன். இந்தத் தடவை என் மகள் முன்னாலேயே.

6

மறுநாள் விஜயதசமி. மத்தியானம் மது பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் கராஜுக்குக் கூப்பிட்டேன். சீட்டின் மேல் எல்லாம் நேற்று வைத்தபடியே இருந்தது. பேனாவை எடுத்தேன். படிவத்தில் இல்லை என்ற கட்டத்தில் டிக் அடித்தேன். கீழே இருந்த கோட்டில் அருள்சாமி, ஆவூர் என்று எழுதினேன். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சொன்னேன். எழுதியது அவன், ஓட்டியது அவன், தண்ணீரில் இறங்கியதும் அவன். பின்சீட்டில் இருந்தவன் நான், பஸ் ஏறியவன் நான். பெயர்களை மாற்றியதும் நான்தான். தமிழில்தான் சொன்னேன். ஆங்கிலத்தில் நான் ஏற்கெனவே நிறையப் பொய் எழுதியிருந்தேன்.

கோபப்படுவாள் என்று காத்திருந்தேன். கடைசியில் அவள் கேட்டது வேறு.

"தென் அந்த அங்கிள் ஏன் நேத்து லை பண்ணுனாரு?"

நோட்டை எடுத்து நீட்டினேன். தமிழ் படிக்க மறந்துவிட்டது என்றாள். மெதுவாகப் படி, எழுத்துக் கூட்டிப் படி, நான் பக்கத்தில் இருக்கிறேன் என்றேன். நம் ஊரில் இந்த நாளில்தான் சின்னப் பிள்ளைகளுக்கு அரிசியில் எழுத்து எழுதிப் பழக்குவார்கள் என்று சொல்ல நினைத்தேன். பாடம் நடத்துகிற யோக்கியதை எனக்கு இல்லை என்பதால் சொல்லவில்லை.

அவளே பக்கங்களைப் புரட்டி ஒன்பதாவது பயணத்தைக் கண்டுபிடித்தாள். இருபது வருடச் சந்தனம் விளிம்பில் மஞ்சளாக ஒட்டியிருந்தது. வண்டியின் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டு, விரலை வரிக்கு அடியில் வைத்துப் படித்தாள். ஆவுடையார்கோவில், தரைப்பாலம், முழங்கால் தண்ணீர். ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கினாள். கணேசன் இறங்கிப் போனான் என்ற இடத்துக்கு வந்தாள். அதற்கு அடுத்ததுதான் நான் இடமில்லை என்று விட்ட வரிகள். நிறுத்தச் சொல்லலாமா என்று நினைத்தேன்.

அவள் படித்தாள்.

"கணேசனுக்கு நீந்தத் தெரியாது. அவன் வீட்டுக்கு ஒரே பிள்ளை. எனக்குப் பின்னால் தம்பிகள் இரண்டு பேர் இருக்கிறார்கள். அவன் இறங்கிப் போனதில் தப்பு இல்லை. இதைப் படிக்கிறவர்கள் யாரும் அவனைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது."

கடைசிச் சொல்லைக் கூட்ட அவளுக்கு அதிக நேரம் ஆனது. இரண்டாவது முறை தனக்குள் படித்துச் சரிபார்த்துக்கொண்டாள். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். சிரிக்கவில்லை.